பொது மருத்துவமனையா, தனியாரா, சொந்தக் கிளினிக்கா? யூராலஜி முடித்தவர்களுக்கு ஓர் ஒப்பீடு

யூராலஜி, அதாவது சிறுநீர்ப் பாதைக்கும் ஆண் இனப்பெருக்க உறுப்புகளுக்குமான அறுவைத் துறையில், மேற்படிப்பை முடிக்கும் தறுவாயில் இருப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்வி ஏறக்குறைய ஒரே வடிவத்தில்தான் இருக்கிறது. நகரத்தின் பெரிய பொது மருத்துவமனையில் இடம் கிடைத்திருக்கிறது, தனியார் மருத்துவமனை ஒன்றும் அழைக்கிறது, ஏற்கெனவே தொழிலில் இருக்கும் நண்பர்கள் சொந்தமாகக் கிளினிக் தொடங்கச் சொல்கிறார்கள், எதற்குச் சம்மதிப்பது? சம்பளத்தை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடை உடனே கிடைத்துவிடும். ஆனால் அந்த விடையை நம்பிப் போனவர்களில் பலர், இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே கேள்வியோடு திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் பொது மருத்துவமனையிலும், நடுவில் சில ஆண்டுகளைத் தனியாரிலும் கழித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் மனம் பொது மருத்துவமனையின் பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வைக் கணக்கில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது, கைக்கு வரும் நோய்களின் வகையும் எண்ணிக்கையும். யூராலஜி கைப்பழக்கத்தால் வளரும் துறை. முதுகுவழியே துளையிட்டுச் சிறுநீரகக் கல்லை எடுக்கும் பி.சி.என்.எல். சிகிச்சையில் ஒருவரின் கை நிலைபெற ஏறத்தாழ 60 நோயாளிகள் தேவைப்படுகிறார்கள் என்று கற்றல் குறித்த ஆய்வுகள் கூறுகின்றன. ஹோல்மியம் லேசரால் புராஸ்டேட்டைக் குடைந்தெடுக்கும் சிகிச்சைக்கு இந்த எண்ணிக்கை 25 முதல் 50 வரை என்று சொல்லப்படுகிறது. இதை ஓராண்டில் எட்டுவீர்களா, ஐந்தாண்டில் எட்டுவீர்களா என்பதை நீங்கள் சேரும் இடமே தீர்மானிக்கிறது.

அடுத்தது கருவிகள். ஒரு கருவி வாங்கப்பட்டிருக்கிறதா என்று கேட்பதைவிட, அது இந்த வாரம் ஓடுகிறதா என்று கேட்பது பயனுள்ளது. அதன்பின், முடிவெடுக்கும் உரிமை: யாருக்கு அறுவை தேவை, யாருக்குத் தேவையில்லை, யாருக்கு முதலில் என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்களா, உங்களுக்காக வேறொருவர் தீர்மானிக்கிறாரா? இரவு அழைப்பை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதும், வருமானத்தின் அளவோடு அதன் நிலைத்தன்மையும் அடுத்தடுத்து வரும்.

இப்படிப்பட்ட பட்டியல்களில் வழக்கமாக விடுபட்டுப்போகும் ஓர் அளவுகோலை நான் மேலே வைப்பேன்: அறுவை செய்த நோயாளி உங்களிடமே திரும்பி வருகிறாரா என்பது. எங்கள் துறையில் அறுவை அரங்கோடு முடிந்துபோகும் வேலை மிகக் குறைவு. அடைப்பைத் திறந்துவைக்கச் சிறுநீர்நாளத்துக்குள் வைத்த ஸ்டென்ட் குழாயை எடுக்க வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுக்குக் குறித்த இடைவெளியில் உள்நோக்கிக் கருவியால் பார்க்க வேண்டும். ஒருமுறை கல் வந்தவருக்கு மீண்டும் வரக்கூடும். திரும்பி வராத நோயாளியிடமிருந்து மருத்துவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

| அளவுகோல் | நகரப் பொது மருத்துவமனை | பெரிய தனியார் மருத்துவமனை | சொந்தக் கிளினிக், வெளி அறுவை அரங்குகள் |
|---|---|---|---|
| நோய்களின் வகை | மிக விரிவு; முற்றிய நிலையில் வருபவர் அதிகம் | குறுகல்; கல், புராஸ்டேட், புற்று | வெளிநோயாளர் சார்ந்தவை மிகுதி |
| கருவிகள் | இருக்கும். பழுதானால் நாளாகும் | புதியவை, விரைவில் மாற்றப்படும் | உங்கள் முதலீட்டைப் பொறுத்தது |
| முடிவுரிமை | மருத்துவ முடிவில் அதிகம், நிர்வாகத்தில் குறைவு | ஊதிய முறையைப் பொறுத்தது | முழுமையாக உங்களுடையது |
| இரவு அழைப்பு | கடினம், ஆனால் பகிரப்படும் | எண்ணிக்கை குறைவு, பெரும்பாலும் தனியாக | ஆண்டு முழுவதும் நீங்கள்தான் |
| வருமானம் | குறைவு, நிலையானது | அதிகம், ஏற்ற இறக்கம் உண்டு | தொடக்கத்தில் செலவே முந்தும் |
| தொடர் கண்காணிப்பு | பதிவேடு இருந்தால் நன்று, இல்லாவிட்டால் ஆபத்து | நோயாளியின் வசதியைப் பொறுத்தது | மிகச் சிறப்பு |

## நகரப் பொது மருத்துவமனை

நள்ளிரவு தாண்டிய நேரத்தில், நீரிழிவு உள்ள பெண்மணி ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். சிறுநீர்நாளத்தில் கல் அடைத்து, அதற்கு மேலே சீழ் கட்டி, இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. அந்தக் கல்லை அன்றிரவு தொடக்கூடாது. அடைப்பை மட்டும் திறந்துவிட வேண்டும். அறுவை அரங்குக்குக் கொண்டுபோகக்கூட நேரம் இல்லாததால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி கடைசி விலாவுக்குக் கீழே ஊசியைச் செலுத்துகிறோம். உள்கம்பியை உருவியதும் மஞ்சள் பழுப்பாகச் சீழ் சொட்டுகிறது. வழிகாட்டிக் கம்பி, அதன்மேல் குழாய், ஒரு தையல், ஒரு பை, அவ்வளவுதான் வேலை. காலை வார்டு சுற்றில் அவர் கண் திறந்து தண்ணீர் கேட்கிறார். பயிற்சிக் காலத்தில் இந்த ஊசியைப் பலமுறை செலுத்திய கைக்குப் பின்னாளில் பி.சி.என்.எல். எளிதாக வசப்படுகிறது. பொது மருத்துவமனையில் இது அபூர்வமான இரவாக இருப்பதில்லை.

பகலில் வருபவை இன்னும் விரிவானவை. இடுப்பெலும்பு முறிந்து சிறுநீர்ப் புறவழி (சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய்) அறுந்த இளைஞர், நீண்ட பிரசவத்தில் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே ஓட்டை விழுந்து ஆண்டுக்கணக்கில் ஈரத்தோடு வாழ்ந்த பெண், காசநோயால் சுருங்கிய சிறுநீர்ப்பை, புறவழியில் அடைப்புச் சவ்வோடு பிறந்த குழந்தை ஆகியோரை ஒரே கூரையின் கீழ் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை. 1976-இல் ஸ்வீடனில் ஃபெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன் இருவரும் துளைவழிக் கல் நீக்கத்தை வெளியிட்டதற்கும், 1980 பிப்ரவரியில் மியூனிக்கில் கிறிஸ்தியன் ஷௌஸி குழுவினர் அதிர்வலையால் முதல் நோயாளியின் கல்லை உடைத்ததற்கும் பிறகு, திறந்த கல் அறுவை ஏறக்குறைய மறைந்தேவிட்டது. ஆனாலும் சிறுநீரகத்தின் கிளைகள் அனைத்தையும் நிரப்பிய கல்லுக்கு அதுவே சரியான வழியாக அமையும் நாள் வரும். அன்று பக்கத்தில் நின்று கைகாட்டக்கூடிய மூத்தவர் பெரும்பாலும் பொது மருத்துவமனையில்தான் இருப்பார்.

இனி மறைந்திருக்கும் விலைகளுக்கு வருகிறேன். சம்பளக் குறைவு முதல் நாளே தெரிந்த விஷயம். அதை யாரும் மறைப்பதில்லை. உண்மையில் கனமானது காத்திருப்போர் பட்டியல். எப்படிக் குணப்படுத்துவது என்று உங்களுக்குத் தெரியும், கையும் இருக்கிறது, ஆனால் அரங்கில் இடமில்லை, அல்லது மயக்க மருத்துவர் இல்லை. நோயாளி வீட்டில் காத்திருக்கிறார், நோய் காத்திருக்கவில்லை. தசையில் ஊடுருவிய சிறுநீர்ப்பைப் புற்றில், கண்டறிந்து 12 வாரங்களுக்கு மேல் அறுவை தள்ளிப்போனால் உயிர்வாழும் வாய்ப்பு குறைகிறது. அதே பட்டியலில் இருக்கும் குறைந்த அபாயமுள்ள புராஸ்டேட் புற்றை அறுவையின்றிக் கண்காணித்துக்கொண்டே ஆண்டுகளைக் கடத்தலாம். சிறுநீர் அடைபட்டுக் கதீட்டரோடு (சிறுநீரை வடிக்கும் குழாயோடு) வாழும் முதியவர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். அவருக்கு உயிராபத்து உடனே இல்லை, ஆனால் மாதந்தோறும் தொற்றும், தூக்கமின்மையும், மானக்கேடும் உண்டு. ஆகவே பட்டியல் நீளமா என்பதைவிட, அதை யார் அடுக்குகிறார்கள் என்பதே முக்கியம். வந்த தேதியின்படி எழுத்தர் அடுக்கும் பட்டியலும், நோயின் தன்மையைப் பார்த்து மருத்துவர் வாரந்தோறும் திருத்தி அடுக்கும் பட்டியலும் ஒன்றல்ல. இரண்டாவது வகை நடைமுறையில் உள்ள பொது மருத்துவமனையில் நெடிய வரிசையோடும் மனச்சாட்சி உறுத்தாமல் வேலை செய்ய முடியும்.

பதிவேடு இல்லாததன் விலையை நானே கொடுத்திருக்கிறேன். சரியாகச் சொன்னால், என் நோயாளி கொடுத்தார். முன்பு பணிபுரிந்த ஓரிடத்தில், கல் அடைப்புக்கு டி.ஜே. ஸ்டென்ட் (இரு முனைகளும் சுருண்ட குழாய்) வைத்து அனுப்பிய ஒருவர், நான்கு ஆண்டுகள் கழித்து இடுப்பு வலியோடு வந்தார். மூன்று மாதத்துக்குள் எடுக்க வேண்டிய குழாய் அது. எக்ஸ்ரேயில் மேல்சுருளைச் சுற்றிக் கல், கீழ்ச்சுருளைச் சுற்றி முட்டை அளவுக்குக் கல், நடுவில் குழாய் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. வலி நின்றுவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் நினைத்திருந்தார். எடுக்க வேண்டும் என்று நான் சொன்னது, புறப்படும் அவசரத்தில் சொன்ன ஒரு வாக்கியமாகவே நின்றுபோயிருந்தது. மூன்று அறுவைகளுக்குப் பிறகே அதை வெளியே எடுக்க முடிந்தது, அந்தப் பக்கச் சிறுநீரகம் பாதிக்கு மேல் செயலிழந்திருந்தது. அன்று முதல் நான் எங்கே பணிசெய்தாலும் ஸ்டென்டுக்கென்று தனி நோட்டு இருக்கும்: பெயர், வைத்த நாள், எடுக்க வேண்டிய நாள், இரண்டு தொலைபேசி எண்கள். வாரத்தின் முதல் நாள் செவிலியர் அதைத் திறந்து, நாள் நெருங்கியவர்களை அழைப்பார். செலவே இல்லாத ஏற்பாடு. ஆனால் யாராவது ஒருவர் தொடங்கிவைக்க வேண்டும்.

கருவிகளைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வளையும் சிறுநீரக உள்நோக்கி மென்மையான பொருள். பலர் கைமாறிப் பயன்படுத்தும் இடத்தில் அடிக்கடி பழுதாகும், பழுதுபார்க்க அனுப்பினால் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. புராஸ்டேட்டை மின்சாரத்தால் சீவும் கருவியில் பழைய ஒருமுனை வகையா, இருமுனை வகையா என்றும் பாருங்கள். ஒருமுனை வகைக்கு உப்பற்ற திரவம் தேவை. அது அதிகமாக உடலுக்குள் உறிஞ்சப்பட்டால் இரத்தத்தில் சோடியம் குறைந்து நோயாளி குழம்பிப்போவார், ஆகவே ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது பழைய விதி. உப்புநீரைப் பயன்படுத்தும் இருமுனை வகைக்கு அந்தக் கெடு இல்லை. மாணவர்கள் மெதுவாகச் சீவிப் பழகும் பயிற்சி மருத்துவமனைக்கே இருமுனைக் கருவி மிகவும் தேவை. பல இடங்களில் அங்கேதான் அது கடைசியாக வந்துசேர்கிறது என்பது எனக்கு உள்ள நெடுநாள் வருத்தம்.

பொது மருத்துவமனையில் பழைய சிகிச்சைகளுக்கும் மதிப்பு உண்டு. விரைகளை நீக்கினால் பரவிய புராஸ்டேட் புற்று அடங்குகிறது என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். அந்த வழியில் செய்த ஆய்வுகளுக்காக 1966-இல் நோபல் பரிசு பெற்றார். இன்று அதே பயனை ஊசிமருந்து தருகிறது, ஆனால் ஒரு தவணையும் தவறாமல் வாழ்நாள் முழுவதும் வந்துபோக முடியாதவருக்கு அரை மணி நேர அறுவையே நம்பகமானது. இதை நோயாளியோடு உட்கார்ந்து, மனைவியும் கேட்க, அவசரமில்லாமல் பேசி முடிவுசெய்ய வேண்டும். அறுபது பேர் வெளியே நிற்கும் காலையில் அந்தப் பேச்சுக்கு நேரம் ஒதுக்குவது கடினம். ஒதுக்காவிட்டால் அது சிகிச்சையே அல்ல.

பொது மருத்துவமனை யாருக்குச் சிறந்தது? மேற்படிப்பு முடித்து முதல் நான்கைந்து ஆண்டுகளில் இருப்பவருக்கு, புறவழி சீரமைப்பு, குழந்தைகளுக்கான யூராலஜி, விபத்துக் காயங்கள் ஆகியவற்றில் நிலைக்க விரும்புபவருக்கு, கற்பிப்பதில் மகிழ்ச்சி அடைபவருக்கு. கடன் கழுத்தை நெரிக்கும் நிலையில் இருப்பவருக்கும், மேலே ஒரு மூத்தவர்கூட இல்லாத துறைக்குத் தனியாளாக அனுப்பப்படுபவருக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## பெரிய தனியார் மருத்துவமனை

கேட்ட நேரத்தில் அரங்கு, ஓடும் லேசர், ஒருமுறை பயன்படுத்தி எறியும் உள்நோக்கி, சில இடங்களில் ரோபோ. பொது மருத்துவமனையிலிருந்து போன முதல் மாதம் எனக்கு மூச்சு விட்டதுபோல் இருந்தது. ஒரு கல்லை எடுக்கத் திட்டமிட்ட நாளில் எடுக்க முடிகிறது என்பதே பெரும் நிம்மதி. புற்றுநோய் அறுவையில் லேப்ராஸ்கோப், ரோபோ வழிகளில் ஏற்கெனவே கை தேறியவருக்கு இது இயல்பான இடம். அந்தத் திறன் வசதியில்லாத இடத்தில் துருப்பிடித்துவிடும்.

மறைவிலைகள் மெதுவாகவே தெரிகின்றன. கல், புராஸ்டேட், கல் என்று வாரங்கள் ஓடும். இரண்டாம் ஆண்டில் ஒரு புறவழி சீரமைப்பு வரும்போது, கன்னத்தின் உட்தோலை எடுத்து ஒட்டும் வேலையில் கை தயங்குவதை உணர்ந்தேன். இரவு அழைப்புகள் குறைவுதான், ஆனால் வருபவற்றை எதிர்கொள்ளப் பக்கத்தில் இன்னொரு யூராலஜிஸ்ட் இருப்பதில்லை.

ஊதிய முறைதான் இங்கே முக்கியக் கேள்வி. சிறுநீர்நாளத்தில் 5 மில்லிமீட்டருக்கும் சிறிய கற்களில் மூன்றில் இரண்டு பங்கு தானாகவே வெளியேறிவிடும். வலிநிவாரணியும் பொறுமையும் போதும் என்று சொல்லி அனுப்புவதே பலருக்குச் சரியான சிகிச்சை. அறுவைக்கு இவ்வளவு பங்கு என்று எழுதப்பட்ட ஒப்பந்தத்தில், அப்படிச் சொல்லி அனுப்பும் ஒவ்வொரு முறையும் உங்கள் வருமானத்தை நீங்களே குறைத்துக்கொள்கிறீர்கள். நேர்மையானவர்கள் இதைத் தாங்கிக்கொண்டு சரியாகவே நடக்கிறார்கள். அவர்களை நான் அறிவேன். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை எண்ணிக்கைக் கூட்டம் நடக்கும் இடத்தில், அந்தத் தாங்கிக்கொள்ளுதல் தினசரி வேலையாகிவிடுகிறது. நிலைச் சம்பளம் தரும் தனியார் மருத்துவமனை கிடைத்தால், தொகை சற்றுக் குறைந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள்.

## சொந்தக் கிளினிக்கும் வெளி அறுவை அரங்குகளும்

தொடர் கண்காணிப்பில் இதற்கு ஈடில்லை. சிறுநீர் வேகத்தை அளக்கும் கருவி, அல்ட்ராசவுண்ட், வளையும் சிறுநீர்ப்பை உள்நோக்கி ஆகிய மூன்றும் இருந்தால் எங்கள் துறையின் பெரும்பகுதிப் புறநோயாளர்களைப் பார்த்துவிடலாம். குழந்தையின்மைக்காக வரும் ஆண்கள், இருமினால் சிறுநீர் கசியும் பெண்கள், ஆண்டுக்கணக்கில் புராஸ்டேட் மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோர் கூட்டத்தில் சொல்லக் கூசுவதை இங்கே மூடிய கதவுக்குப் பின்னால் சொல்கிறார்கள்.

விலை என்னவென்றால், நீங்கள் ஒருவரே. அறுவையை வேறொரு மருத்துவமனையின் அரங்கில் செய்கிறீர்கள். இரவு இரண்டு மணிக்கு இரத்தக் கட்டிகள் கதீட்டரை அடைத்தால் அங்கே டியூட்டியில் இருப்பவருக்கு அதைக் கழுவிவிடத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் போக வேண்டும். ஊருக்குப் போகும் வாரத்தில் யார் பார்ப்பார் என்பதை எழுத்தில் முடிவுசெய்யாமல் யாரும் இதைத் தொடங்கக்கூடாது. கருவிகளின் பராமரிப்பும் கிருமிநீக்கமும் உங்கள் பொறுப்பு. பத்தாண்டு அனுபவமும், ஐயம் வந்தால் அழைக்க இரண்டு சக மருத்துவர்களும் உள்ளவருக்கு இது நல்ல வழி. படிப்பு முடித்த மறுமாதம் தொடங்குபவருக்கு நல்லதல்ல.

## இரண்டிலும் கால் வைப்பது

காலையில் பொது மருத்துவமனை, மாலையில் தனியார் என்ற ஏற்பாடு சில இடங்களில் அனுமதிக்கப்படுகிறது, சில இடங்களில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. வருமானக் குறையை இது தீர்க்கிறது என்பது உண்மை. ஆனால் காலையில் நீளும் வரிசையே மாலை வேலைக்கு நோயாளிகளை அனுப்பிவைக்கும் வாய்க்காலாக மாறிவிட்டால், அந்த வரிசையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் மருத்துவருக்கே மங்கிவிடும். இதைத் தேர்ந்தெடுப்பவர்கள், பொது மருத்துவமனையின் பட்டியலில் இருக்கும் ஒருவரை எந்த நிலையிலும் மாலையில் பார்ப்பதில்லை என்ற விதியைத் தாங்களே வகுத்துக்கொள்ள வேண்டும், அதை உடன் பணிபுரிபவர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும். வேறு வகையில் இதற்கு என் ஆதரவு இல்லை.

## கையெழுத்திடும் முன் ஒரு நாள் போய்ப் பாருங்கள்

எந்த இடமானாலும், நேர்காணலுக்கு அப்பால் ஒரு வேலைநாளை அங்கே கழிக்க அனுமதி கேளுங்கள். காலை எட்டு மணிக்கு அரங்கின் வாசலில் நின்றால், முதல் நோயாளி உண்மையில் எத்தனை மணிக்கு உள்ளே போகிறார் என்பது தெரியும். கருவிகளைக் கழுவும் இடத்தில் இருப்பவரிடம், வளையும் உள்நோக்கி கடைசியாக எப்போது பழுதுக்குப் போனது, எப்போது திரும்பியது என்று கேளுங்கள். துறைத்தலைவரிடம் கிடைப்பதைவிட நேரான விடை கிடைக்கும். விரை முறுக்கிக்கொண்ட சிறுவன் வந்தால் எவ்வளவு நேரத்தில் அரங்குக்குள் போகிறான் என்றும் விசாரியுங்கள். வலி தொடங்கிய ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்தால் விரை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், ஒரு நாள் கடந்தால் அநேகமாகப் பிழைக்காது என்பதால், நள்ளிரவில் இந்த ஒரு நோயாளிக்காக ஓர் இடம் எப்படி இயங்குகிறது என்பதிலேயே அதன் ஒழுங்கு முழுவதும் தெரிந்துவிடும். இந்தப் பதவியில் உங்களுக்கு முன்பு இருந்தவர் ஏன் போனார் என்று கேட்டு, முடிந்தால் அவரிடமே பேசுங்கள்.

புறப்படும் முன் வார்டு செவிலியரிடம் ஸ்டென்ட் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். மேசையிலிருந்து எடுத்து, இந்த வாரத்துப் பக்கத்தைத் திறந்து, அழைத்துவிட்ட பெயர்களுக்கு எதிரே போட்ட குறியைக் காட்டினார் என்றால், சம்பளம் குறைவாக இருந்தாலும் அங்கே சேருங்கள்.